கிளிப்புற்றுக்குள் பொங்கிய மாவு

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வலித்தது கால்விரல்கள் மட்டும்தான். அதுவும் வெளியே அல்ல, பல்கலைக்கழகத்தின் கிளி அறைக்குள் வந்த பிறகு. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டின் பனித் தெருவில் நடந்து வரும்போது விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாது. அறைக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் மறைந்துவிடும். அப்படியே வெந்நீர்க் குழாயோரம் நிற்பேன். விரல்கள் ஒவ்வொன்றாக ஊசி குத்திக்கொண்டு வீடு திரும்பும். தலைக்கு மேலே இரண்டு கிளிகள் என்னைப் பார்த்துக் கத்தும். வேறு யாரும் எனக்குக் காலை வணக்கம் சொல்லாத காலம் அது.

கிளி என்றதும் நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் கூட்டமாக வந்து உட்காருமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை அமேசான் ஆற்றையொட்டிய தாழ்நில மழைக்காட்டுக் கிளிகள். மைனாவைவிடச் சிறியவை. உடம்பு முழுக்கப் பச்சை. தாடைக்குக் கீழே பொட்டு வைத்தாற்போல ஒரு ஆரஞ்சுப் புள்ளி. சிறகை விரித்தால்தான் உள்ளே ஒளித்துவைத்திருக்கும் நீலம் தெரியும். பேச வராது. 'வணக்கம்' சொல்ல வைக்கிறேன் என்று சில வாரம் அவற்றின் முன்னால் நின்று கும்பிட்டுப் பார்த்தேன். அவை ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. நான்தான் ஒருநாள் பேருந்தில் தும்மும்போது கிளி மாதிரிக் கீச்சிட்டேன்.

இந்தக் கிளிகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காட்டில் மரக்கிளைகளில் கறையான்கள் பானை பானையாகப் புற்று கட்டும். அந்தப் புற்றைத்தான் இவை அலகால் குடைந்து, சுரங்கம் போட்டு, உள்ளே அறை எடுத்து முட்டையிடும். அதுவும் கறையான்கள் குடியிருக்கும்போதே. வீட்டுக்காரர் கீழே இருக்க, மாடியைக் கேட்காமலே பிடித்துக்கொள்ளும் வாடகைக்காரர்கள்.

பல்கலைக்கழகத்தின் விலங்கியல் கூடத்தில் எனக்கு வேலை ஒலிப்பதிவு. நான் மின்னணுப் பொறியாளன். நாற்பதைத் தாண்டியவன். புற்றுக்குள் ஆணும் பெண்ணும் தமக்குள் என்ன முணுமுணுத்துக்கொள்கின்றன என்று பதிவு செய்வதற்காக, சுண்டுவிரல் நகமளவு மைக் ஒன்றை உருவாக்கியிருந்தேன். பிரமாதமான மைக். ஊசி விழுந்தால் இடி விழுந்த மாதிரி கேட்கும். குறை ஒன்றே ஒன்றுதான். கிளிகள் கூட்டுக்குள் போகவே இல்லை.

பேராசிரியர் மரத்தூளும் களிமண்ணும் கரிமண்ணும் கலந்து செயற்கைப் புற்று செய்து வைத்தார். காய்ந்ததும் உதிர்ந்தது. சிமெண்டு கலந்து செய்தார். கிளிகள் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு அவரை ஏளனமாகப் பார்த்தன. அந்தச் சமயம் பார்த்து, 1973 கடைசியில், அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. ஜனங்கள் நெடுஞ்சாலையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நாடே சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டிருக்க, இரண்டு கிளிகளுக்கு மட்டும் சென்னை மாதிரி வெக்கை எதற்கு என்று மேலிடத்தில் கேள்வி எழுந்தது.

பேராசிரியர் என்னை அழைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஈஸ்டர் வரை சூடு கொடுக்கிறார்கள். அதற்குள் முட்டை வந்தால் ஆராய்ச்சி தொடரும், உங்கள் வேலையும் தொடரும். வராவிட்டால் கிளிகள் விலங்குக் காட்சிச்சாலைக்கு."

"நான்?" என்றேன்.

"உங்களுக்குக் காட்சிச்சாலையில் இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை," என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கத் தவறிவிட்டேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஈஸ்டர் வரைக்கும் இருக்கேன். கிளி முட்டை போடலேன்னா ரெண்டு பேருமா திருச்சிக்குப் போயிடலாம். போட்டுச்சுன்னா நீங்க இருங்க. நான் போறேன்."

"குடும்பத்தைக் கொண்டுபோய் ஒரு கிளி கையில குடுக்கிறியே."

"அதுக்கு ஏது கை?" என்று சொல்லிவிட்டு மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

சண்டை இல்லை. சண்டைக்கு ஒரு சூடு வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் நன்றாகச் சண்டை போட்டோம். ஒருமுறை கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டி நிறுத்தச் சொல்லும் அளவுக்கு. அதன்பிறகு வருஷங்கள் போகப் போக, சாப்பிட்டாச்சா, சாவி எடுத்தாச்சா, குப்பை வெளியே வச்சாச்சா என்று பேச்சு சுருங்கிவிட்டது. அவள் இந்த ஊரில் யாரையும் வெறுக்கவில்லை. ஜன்னலோரம் நின்று எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் "சுவரு" என்பாள். உனக்கு எது வேண்டும், வேலையா மனைவியா என்று யாராவது அன்று என்னை மடக்கிக் கேட்டிருந்தால், கொஞ்சம் இருங்கள், மைக்கில் ஒரு இரைச்சல் வருகிறது, அதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது மாவு விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் எங்கள் குடியிருப்பிலும் சூட்டைக் குறைத்துவிட்டார்கள். இட்லி மாவு பொங்கவில்லை. ஜெர்மன்காரர்கள் பால்சோற்றுக்கு வைத்திருக்கும் குண்டு அரிசியும், லண்டனிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டுவரும் உளுந்தும் சேர்த்து, மிக்ஸி சூடாகிக் கருகல் வாசனை வர அரைத்த மாவு, வைத்தபடியே இருக்கும். கம்பளியில் சுற்றினோம். அடுப்புக்குள் வைத்தோம். ஒரு ராத்திரி அதை எங்கள் படுக்கையில் நடுவில் படுக்கவைக்கலாம் என்றேன். இடம் இருக்கிறது என்றாள்.

கடைசியில் டார்ம்ஸ்டாட்டிலேயே மாவு பொங்கக்கூடிய இடம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தேன். சாயங்காலம் பாத்திரத்தோடு கிளி அறைக்குப் போவேன். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பேராசிரியரிடம் அது ஈரப்பதத்துக்கு என்று சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

இந்த ரகசியம் தெரிந்த இன்னொருவன், மண்ணியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தம்பி. அவனும் ஒரு வாளியில் தோசை மா கொண்டுவந்து வைப்பான். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் வந்தால்தான் என் மனைவியின் குரல் கொஞ்சம் உயரும்.

"அண்ணை, உங்கட கிளி வீடோ, மாப் பொங்கிற வீடோ? பேராசிரியர் கண்டால் எங்களையும் கூண்டில போட்டிடுவார்."

"போடட்டும்டா. உள்ளே சூடாவது இருக்கும்."

"ஓம் ஓம், நீங்கள் ஏற்கெனவே கிளி மாதிரித்தான் கத்திறியள் எண்டு அக்கா சொன்னவா."

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. புதிதாகச் செய்த புற்றும் உதிர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, தம்பி தன் வாளியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பழைய மா காய்ந்து ஒட்டியிருந்தது. முதலில் நகத்தால், பிறகு சாவியால், பிறகு என் ஸ்க்ரூடிரைவரால்.

"இதைக் கழட்ட ஏலாது அண்ணை. சிமெந்து தோத்துப் போகும்."

அப்போதுதான் எனக்குள் விஞ்ஞானி விழித்தார். உளுந்து மாவு காய்ந்த பாத்திரத்தைத் தேய்த்த எவருக்கும் தெரியும், அதைவிட விடாப்பிடியான பொருள் பூமியில் இல்லை. களிமண்ணையும் மரத்தூளையும் மாவில் குழைத்தால் என்ன? தம்பி மண்ணியல் பாஷையில் ஏதோ விகிதம் சொன்னான். ஒரு சின்ன உருண்டை செய்து குழாய்மேல் காயவைத்தோம். மணியாகக் காய்ந்தது. கீழே போட்டால் உடையவில்லை. அலகு மாதிரி கூரான கம்பியால் சுரண்டினால் மட்டும் பொடிப்பொடியாக வந்தது. கிளிகளுக்கு வேண்டியது அதேதான்.

அன்று மாலை என் மனைவி அரைத்துக் கொடுத்திருந்த பாத்திரம் முழுவதையும், இன்னும் பொங்க ஆரம்பிக்காத புது மாவை, களிமண்ணிலும் மரத்தூளிலும் கொட்டினேன். தம்பியும் தன் வாளியைக் கவிழ்த்தான். பெரிய பூசணிக்காய் அளவுக்கு உருட்டி, நடுவே ஒரு அறையும் அதற்கு ஒரு சுரங்கமும் நாங்களே விட்டு, உள்ளே மைக்கைப் பதித்து, கட்டைமேல் ஏற்றி, மேலே விளக்கைப் போட்டுவிட்டு வந்தோம். வீட்டில் மாவு எங்கே என்று அவள் கேட்கவில்லை. காலையில் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள், கடைக்குப் போகிற வழி என்பதால்.

சின்ன உருண்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. பெரிய உருண்டை உள்ளே காயாது. காயாத மாவு, அந்த வெக்கையில், ராத்திரி முழுக்க என்ன செய்யும்? இதை ஒரு தமிழ்ப் பொறியாளனும் ஒரு தமிழ் மண்ணியல்காரனும், இருவரும் இட்லி தோசையில் வளர்ந்தவர்கள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

காலையில் கண்ணாடியில் ஆவி படிய உள்ளே வந்தேன். விரல்கள் குத்தத் தொடங்கின. ஆண் கிளி கத்தியது. வழக்கமான கத்தல் இல்லை. கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மூச்சு விடாமல் கத்தியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெண் கிளியைக் காணோம். புற்றைப் பார்த்தேன். நேற்றுப் பூசணிக்காயாக இருந்தது இன்று திருவிழாப் பூசணிக்காயாக ஆகியிருந்தது. வெளி ஓடு வெடித்து, வெடிப்பெல்லாம் நுரைத்துக்கொண்டு, சுரங்க வாயில் ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது. கீழே பொடி உதிர்ந்து கிடந்தது. விடிந்ததும் பெண் கிளி உள்ளே போயிருக்கிறது. மாதக்கணக்கில் எந்தப் புற்றுக்குள்ளும் போகாதது, இதற்குள் போயிருக்கிறது.

மைக் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினேன். உலகத்திலேயே நுட்பமான என் மைக்கில் கொப்புளங்கள் உடையும் சத்தம் கேட்டது. பொளக், பொளக் என்று, மெதுவாக. கிளிச் சத்தம் இல்லை.

இனி நான் செய்த வீரச் செயல்கள். முதலில் புற்றைப் பார்த்துத் தமிழில், "ஏய், வெளிய வா," என்றேன். வரவில்லை. கையால் பிடித்து இழுத்தேன். கை ஒட்டிக்கொண்டது. அதை விடுவிக்க அடுத்த கையை வைத்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு நடைபாதைத் தொலைபேசிக்கு ஓடி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். ஏன் தீயணைப்பு என்று கேட்காதீர்கள். பூனை மரத்தில் மாட்டினால் அவர்கள்தான் வருவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். மறுமுனையில் ஒரு ஆள் நிதானமாக, எங்கே எரிகிறது என்று கேட்டார்.

"எரியவில்லை," என்றேன். "புளிக்கிறது."

"என்ன புளிக்கிறது?"

"கிளியின் வீடு."

நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். தொலைபேசியில் என் கைமாவு ஒட்டியது ஒட்டியபடி பிறகு பல மாதம் இருந்தது. தம்பி சொன்ன மாதிரி சிமெண்டு தோற்றுவிட்டது.

திரும்பி வந்தபோது என் மனைவி அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை, தலையில் கம்பளித் தொப்பி. காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள்.

"என் மாவா?"

"உள்ளே பொண்ணு மாட்டிக்கிட்டா," என்றேன். "பொண்ணுன்னா கிளி."

"தெரியுது. எவ்வளவு நேரமா?"

"தெரியலை. மூச்சு இருக்கான்னு தெரியலை. செத்துப்போச்சுன்னு நெனக்கிறேன். செத்துப்போச்சு. எல்லாம் போச்சு." நான் குதித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவள் பார்வையிலிருந்து தெரிந்துகொண்டேன். குதிப்பதை நிறுத்தப் பார்த்தேன்; முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், கால்கள் குதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒருத்தன் சும்மா உட்கார்ந்து, செத்திருந்தால் திருச்சி, உயிரோடிருந்தால் டார்ம்ஸ்டாட் என்று ரயில் கால அட்டவணை படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவளும் அதைக் கணக்குப் போட்டிருப்பாள். இல்லாமலா? அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாலே போதும்.

தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள். மேஜையில் கிடந்த கரண்டியை எடுத்துக் கிளியின் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்தாள். இட்லித் தட்டில் ஓரத்தைச் சுற்றி விடுவிப்போமே, அதேபோல, கரண்டியின் முதுகை மாவுப் பக்கம் வைத்து, வாயிலின் விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று. மறுபடி தண்ணீர். மறுபடி ஒரு சுற்று. அவசரமே இல்லை. ஒரு துளி மாவுகூட அவள் விரலில் ஒட்டவில்லை.

"நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க," என்றாள்.

வாயில் அகன்றது. அவள் இரண்டு விரலை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "சூடா இருக்கு," என்றாள். பிறகு, "கடிக்குது," என்றாள்.

வெளியே வந்தது பச்சைக் கிளி இல்லை. தலையிலிருந்து வால் வரை மாவு பூசிய ஏதோ ஒரு பிறவி. அவள் விரலைக் கவ்விக்கொண்டே வந்தது. வந்ததும் விரலை விட்டுவிட்டு, இறகுகளைச் சிலிர்த்து எங்கள் இருவர்மேலும் மாவைத் தெளித்தது. ஆண் கிளி பறந்து வந்து என் காதைக் கொத்தியது. என்னை மட்டும்தான். அவளைக் கொத்தவில்லை. குற்றவாளி யார் என்று அதற்குக் குழப்பமே இல்லை.

என் மனைவி விரலைக் குழாயில் கழுவினாள். ரத்தம் லேசாக வந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"தெரியலை," என்றாள். "சாயங்காலத்துக்கு பிரெட் வாங்கிட்டு வர்றேன்."

அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அறையைத் துடைத்தேன். அது நினைவிருக்கிறது.

அந்தப் புற்றை நான் தூக்கிப் போட்டிருப்பேன். தம்பிதான் தடுத்தான். "விடுங்கோ அண்ணை, உள்ளுக்குக் காயட்டும், என்ன நடக்குது எண்டு பாப்பம்." ஒரு வாரம் விளக்கு வெக்கையில் காய்ந்தது. பொங்கிய கொப்புளங்களெல்லாம் அப்படியே துளைத் துளையாக இறுகி, வெளியே கெட்டி, உள்ளே பஞ்சுபோல் ஆனது. பேராசிரியர் ஒரு துண்டை உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கறையான் புற்று ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்றார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஈரப்பதம் என்றேன். தம்பி இருமினான்.

கிளிகள் இரண்டும் முறைவைத்துக் குடையத் தொடங்கின. நாங்கள் விட்ட சுரங்கத்தைத் தொடவில்லை. அந்த வாயிலை நம்பக் கூடாது என்று பெண் கிளி முடிவெடுத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டன. ஹெட்போனில் சுரண்டும் சத்தம், பிறகு ஒருநாள் மிகத் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பு. இரண்டு பேர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, ஒன்றும் முக்கியமில்லாததைப் பற்றி ஓயாமல் பேசிக்கொள்கிற சத்தம். நாள் முழுக்க அதைப் பதிவு செய்தேன். பதிவு சுத்தமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், பேராசிரியர் பல் வைத்தியர் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடி ஒன்றைக் கடன் வாங்கி வந்து சுரங்கத்துக்குள் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளை வெளேரென்று நாலு முட்டை.

வீட்டுக்கு நடந்து போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வசனம் ஒத்திகை பார்த்தேன். 'நீ பாட்டியாயிட்டே' என்பது ஒன்று. 'உன் மாவு நாலு இட்லி போட்டிருக்கு' என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் நல்லது என்று தீர்மானித்து மாடியேறினேன்.

அவள் சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"நாலு."

"ஓ."

டப்பாவுக்குள் கையை விட்டு அரிசியை அளைந்தாள். வெளியே டிராம் போனது. நான் என் இட்லி ஜோக்கைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இங்க வாங்க," என்றாள். "ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊறப்போடணும்னு காட்டறேன். நீங்க பாட்டுக்குப் பாத்திரம் நிறையப் போட்டுடுவீங்க."

போனேன். என் கையைப் பிடித்து டப்பாவுக்குள் விட்டு, விரல்களை அரிசிமேல் மூடினாள். "உங்க கைக்கு ரெண்டு பிடி. உளுந்து அரைப் பிடி. ராத்திரியே அரைச்சுக் கிளி ரூம்ல வச்சுடுங்க. இந்த வீட்டுல பொங்காது."

"கிளிக்கும் சேர்த்தா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது அவ்வளவு நல்ல ஜோக்காகப் படவில்லை. கையில் அரிசி இருந்தது. குண்டு குண்டாக, சில்லென்று. அவள் கை இன்னும் என் கைமேல் இருந்ததா, எடுத்துவிட்டாளா என்று கீழே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.